நைனாவுக்குக் கேட்காத சத்தம்

திருவொற்றியூர்த் தேரடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கூடையோடு சாலையைக் கடந்த பூக்காரம்மாவுக்காக வண்டியை மெதுவாக நிறுத்தினேன். சக்கரம் கடைசி அரைச் சுற்று சுற்றி நிற்கிற நேரத்தில் முன்பக்கத்திலிருந்து ஒரு கீச்சு எழுந்தது, சிலேட்டில் ஆணியால் இழுத்த மாதிரி. பூக்காரம்மா திரும்பிப் பார்த்தார். மெட்ரோ தூணோரம் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த நைனா மட்டும் அசையவில்லை. "இன்னாத்துக்குடா அல்லாரும் நம்மளயே பாக்கறாங்கோ?" என்று கேட்டார்.

அந்தக் கீச்சுக்குக் காரணம் நான். மூன்று வாரத்துக்கு முன் முன்சக்கர பிரேக் பேடுகளை நானே மாற்றியிருந்தேன். பதினோரு வருடம் ஓடிய மாருதி ஆல்டோ. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். தெருவில் நிழல் இருக்கும் நேரத்தில் பின்சக்கரங்களுக்குச் செங்கல் அணை கொடுத்து, ஜாக்கி ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி, பேடுகளைத் தாங்கும் காலிபரைத் தூக்கிப் பார்த்தபோது பழைய பேடில் மிச்சமிருந்த லைனிங் ஒரு ரூபாய்க் காசின் கனம்கூட இல்லை. அந்தக் கனத்தை நம்பித்தான் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வந்திருக்கிறேன். கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் அது உறைத்தது.

புது பேட் தடிமனானது. அதற்கு இடம் விட, பிஸ்டனை சி-கிளாம்ப் வைத்து உள்ளே தள்ள வேண்டும். தள்ளும்போது மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறி வழியும். பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும். காலிபரை ஹோஸில் தொங்கவிடக் கூடாது, கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். இவ்வளவும் தெரிந்துதான் இறங்கினேன். தெரியாமல் செய்தது ஒன்று உண்டு, அது பிறகு வருகிறது. வேலை முடிந்து வண்டியை நகர்த்திய உடனே பெடல் தரைவரை போய்விட்டது. உள்ளே தள்ளிய பிஸ்டன் திரும்ப வந்து பேடைத் தொடும்வரை, நின்ற இடத்திலேயே பெடலை நாலைந்து தடவை மிதித்துவிட்டுத்தான் கியர் போட வேண்டும். நான் கியரில் இருந்தேன். எதிர்வீட்டுத் திண்ணைக்கு ஒரு முழம் முன்னால் கைபிரேக் பிடித்து நிறுத்தியது. அந்தத் திண்ணையில் எப்போதும் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு இல்லை. அந்த ஒரு முழத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு சத்தங்கள் தொடங்கின. முதல் நாள் மிதிக்கும்போதெல்லாம் கரகரவென்று அரைத்தது. மறுநாள் குறைந்து, ஒரு வாரத்தில் அடங்கியது. பழைய டிஸ்க் மேல் புது பேட் படிய அவ்வளவு காலம் வேண்டும். பழைய பேட் வருடக்கணக்காகச் சுற்றிச் சுற்றி டிஸ்க்கில் மெல்லிய வரிகளைக் கீறி வைத்திருக்கும். தட்டையான புது முகம் அந்த வரிகளோடு பழக வேண்டும். மெக்கானிக்குகள் "செட் ஆவுது, விடு" என்பார்கள். இரண்டாவதாக ஒரு 'சர்ர்'. பிரேக் மிதிக்காதபோதும் இருந்தது, வேகம் கூடினால் அதுவும் கூடியது. சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றியதும் கண்டுபிடித்துவிட்டேன்: டிஸ்க்குக்குப் பின்னால் தூசி தடுக்கும் தகடு என் முழங்கை பட்டு வளைந்து உரசிக்கொண்டிருந்தது. விரலால் நெம்பினேன், போயிற்று. மூன்றாவது, ரிவர்ஸ் எடுத்து முன்னால் போகும்போது முதல் மிதியில் மட்டும் ஒரு 'டொக்'. பேட் உட்காரும் கிளிப் சரியாகப் பொருந்தாமல், திசை மாறும்போது பேட் ஒரு மயிரிழை நகர்ந்து தாங்கியில் மோதுகிற சத்தம் அது.

இந்தச் சத்தங்களைத் தேடித் திரிந்த நாட்களில் எனக்கு ஒன்று புரிந்தது. நான் கேட்டவற்றில் பாதி புதிய சத்தமே அல்ல. காலையில் வண்டி எடுத்ததும் முதல் இரண்டு மிதிக்கு வரும் உரசல் இந்தக் கடலோரத்தில் எந்தக் காருக்கும் உண்டு. டிஸ்க் வார்ப்பிரும்பு, ஒரு ராத்திரி உப்புக் காற்று பட்டால் விடிவதற்குள் செம்மஞ்சள் துரு படியும். பதினோரு வருடம் அது அங்கேதான் இருந்தது. வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டு வாங்கிய காலத்தில் அது என் காதில் விழவேயில்லை. நானே ஸ்பேனர் பிடித்த பிறகு ஒவ்வொரு உரசலும் என் கையின் தவறோ என்ற பயத்தோடு வந்து விழுந்தது.

வடசென்னையில் வளர்ந்தவனுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. சத்தத்தைக் கேட்காமல் இருக்கப் பழகுவதுதான் இங்கே முதலில் கற்கும் பாடம். ஷிஃப்ட்டு சங்கு, சரக்கு ரயில், காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின், ஐஸ் உடைக்கும் இயந்திரம், துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்கள் ஏர் பிரேக்கைத் திறக்கும் 'புஸ்ஸ்'. வெளியூரிலிருந்து வந்த உறவினர் முதல் ராத்திரி தூங்காமல் புரளுவார். நாங்கள், "இன்னா சத்தம்?" என்று கேட்போம். உண்மையிலேயே எங்களுக்குத் தெரியாது. அதே ஊரில் சத்தத்தை ரசிக்கவும் செய்தோம். 1956 முதல் திருவொற்றியூரில் தயாரான என்ஃபீல்டு புல்லட்டின் 'தப் தப்'பைத் தெருமுனையில் கேட்டே யார் வீட்டு வண்டி என்று சொல்லும் பையன்கள் என்னோடு படித்தார்கள். காது எங்களுக்கு நன்றாகவே இருந்தது. எதற்குத் திறப்பது, எதற்கு மூடுவது என்பதைத்தான் ஊர் தீர்மானித்தது.

மூன்றாவது வாரம் வந்த கீச்சு முன்னால் சொன்ன மூன்று சத்தங்களில் எதுவுமில்லை. சத்தத்தைப் பிடிக்க மெக்கானிக்குகள் கேட்கும் கேள்விகள் எளியவை. மிதித்தால் வருகிறதா, மிதித்தால் நிற்கிறதா? வேகத்தோடு சேர்ந்து மாறுகிறதா? முன்னால் போகும்போது மட்டுமா, ரிவர்ஸிலும் உண்டா? வண்டி சூடான பிறகா, காலையிலா? மிதிக்காதபோது வந்து மிதித்ததும் நின்றால், ஏதோ தளர்ந்து ஆடுகிறது. சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை வந்தால் டிஸ்க் கோணலாக உட்கார்ந்திருக்கிறது; பெரும்பாலும் ஹப்பில் துருவைத் தேய்க்காமல் மாட்டியதன் விளைவு. இரும்பும் இரும்பும் அரைக்கும் சத்தம் கேட்டாலோ, பெடல் பஞ்சு போல் இறங்கினாலோ, மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, யோசிக்க ஒன்றுமில்லை, வண்டியை அங்கேயே நிறுத்த வேண்டும். என் கீச்சு பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு, மெல்ல மிதிக்கும்போது, நிற்கப்போகிற கடைசி நொடியில் மட்டும் வந்தது. வலமா இடமா என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை.

கீச்சு எப்படிப் பிறக்கிறது என்பது அழகான விஷயம். பேட் டிஸ்க்கைப் பிடிக்கிறது, பிடி தாங்காமல் வழுக்குகிறது, மறுபடி பிடிக்கிறது. ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான தடவை. அந்தப் பிடியும் வழுக்கலும் டிஸ்க்கின் சொந்த அதிர்வோடு ஒத்துப்போனால் டிஸ்க் முழுவதும் ஒரு மணியைப் போலப் பாடத் தொடங்கும். வயலினில் நடப்பதும் இதேதான்: ரோசின் தேய்த்த வில் தந்தியைப் பிடித்து இழுத்து, நழுவவிட்டு, மறுபடி பிடிக்கிறது. திருச்சியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன், ஒளிச்சிதறலுக்கு வருவதற்கு முன்பு பல வருடங்கள் இந்தப் பிடி-வழுக்கலோடுதான் கழித்தார். வில்லால் இழுக்கப்படும் தந்தியின் அதிர்வைப் பற்றிய அவருடைய நீண்ட ஆய்வு 1918இல் வந்தது. இரண்டு வருடம் கழித்து மிருதங்கம் போன்ற நம் தோற்கருவிகளைப் பற்றி எழுதினார். சாதாரணத் தோல் அதிர்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டாத ஓசைகள் வரும். வலந்தலையின் நடுவே பூசிய கரணையின் கனம் அவற்றை இழுத்து ஸ்வர ஒழுங்குக்குள் கொண்டுவருகிறது என்று காட்டினார்.

பிரேக் செய்கிற பொறியாளர்களும் கரணை பூசுகிறவர்கள்தான். பேடின் முதுகில் ரப்பர் பூசிய மெல்லிய தகடு ஒன்றை ஒட்டுகிறார்கள், ஷிம் என்று பெயர். லைனிங்கின் ஓரங்களைச் சரிவாகச் சீவுகிறார்கள், நடுவில் ஒரு பள்ளம் வெட்டுகிறார்கள். டிஸ்க்கை உருக்கில் செய்யாமல் சாம்பல் வார்ப்பிரும்பில் வார்ப்பதற்கு ஒரு காரணம், அதற்குள் செதில் செதிலாகக் கிடக்கும் கிராஃபைட் அதிர்வை விழுங்கும் என்பது. மிருதங்கக்காரர் ஓசையை வரவழைக்கக் கனம் சேர்க்கிறார், இவர்கள் ஓசை வராமலிருக்கச் சேர்க்கிறார்கள்.

தேரடியில் அந்தச் சத்தம் கேட்டது என் மனதில் வேறொன்றையும் கிளறியது. தேரை நிறுத்துவது முட்டுக்கட்டை. உருளும் சக்கரத்தின் அடியில் ஆப்பு மாதிரி மரக்கட்டையைச் செருகி, வேகம் குறைத்து, திருப்பத்தில் தேரைத் திருப்புகிறவர்களின் வேலையைப் பார்த்திருக்கிறேன். வடத்தை இழுப்பவர்களுக்குக் கூச்சல் இருக்கும், மேளம் இருக்கும். கட்டை போடுகிறவர் குனிந்து சக்கரத்தோடு நடப்பார். மரம் மரத்தின் மேல் ஏறும்போது வரும் முனகலை அவர் காது பிடித்தாக வேண்டும், அது கால் நசுங்கும் வேலை. திருவாரூர் ஆழித்தேருக்கு இப்போது திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கின்றன. அங்கேயும் முட்டுக்கட்டை போய்விடவில்லை. 1856இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய காலத்தில் ரயிலுக்கும் மரக்கட்டைதான் பிரேக். சைக்கிளில் ரப்பர் வந்து எத்தனையோ தலைமுறை ஆன பிறகும் நாம் அதைப் பிரேக் கட்டை என்றே சொல்கிறோம்.

டிஸ்க் பிரேக்கின் கதையும் ஒரு கீச்சில்தான் தொடங்குகிறது. 1902இல் பர்மிங்காமில் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். சுழலும் உலோகத் தட்டை இருபுறமும் செம்புப் பற்கள் கவ்வ வேண்டும். கவ்வின. வண்டியும் நின்றது. ஆனால் உலோகம் உலோகத்தைத் தேய்த்து எழுந்த ஓலத்தை யாராலும் தாங்க முடியவில்லை. அதற்குத் தீர்வு சொன்னவர் ஹெர்பெர்ட் ஃபுரூட். டெர்பிஷயர் மலைச்சரிவில் குதிரை வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸைக் கட்டி இறங்குவதைப் பார்த்து 1897இல் பிரேக் லைனிங் செய்யத் தொடங்கியவர் என்று சொல்வார்கள். ஃபெரோடோ என்ற பெயரில் இன்றும் கடையில் கிடைப்பது அவர் தொடங்கியதுதான். 1907 வாக்கில் அவர் பற்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் உறை போட்டார். சூடு தாங்கியது, தேய்மானம் குறைந்தது, ஓலம் அடங்கியது.

இந்த இடத்தை நான் பலமுறை திரும்பத் திரும்ப நினைத்திருக்கிறேன். பிரேக்குக்குள் ஆஸ்பெஸ்டாஸ் வந்ததற்கு ஒரு காரணம் சத்தம். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறவர் காது கூசாமல் இருக்க வேண்டும். அந்த அமைதிக்கான நூலை நூற்றவர்கள் வேறெங்கோ இருந்தார்கள். இங்கிலாந்தில் ராக்டேல் என்ற ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் நூற்பாலையில் வேலை செய்த நெல்லி கெர்ஷா 1924இல் 33 வயதில் நுரையீரல் இறுகிச் செத்தார். ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வந்த சாவு என்று மருத்துவ இதழில் முதலில் பதிவானவர்களில் ஒருவர் அவர். அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் உலகத்தின் வண்டிகள் அதே தூசியைத் தேய்த்துத்தான் நின்றன. மணலி சாலையோரப் பட்டறைகளில் என் சின்ன வயதில் டிரம்மைக் கழற்றியதும் முதல் வேலை ஏர் அடித்து ஊதுவது. வெள்ளையும் சாம்பலுமாய் ஒரு மேகம் எழும். ஏர் இல்லாவிட்டால் வாயால் ஊதுவார்கள். நாங்கள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்போம். 1995இல் உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் அவருடைய வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஆஸ்பெஸ்டாஸை முற்றாகத் தடை செய்துவிட்டன. இந்தியா இன்னும் இறக்குமதி செய்கிறது. நான் வாங்கிய பேடின் அட்டைப்பெட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது என்று அச்சிட்டிருந்தது. இருந்தாலும் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தேன். இப்போது எல்லோரும் அப்படித்தான் செய்ய வேண்டும். எந்தத் தூசியும் நுரையீரலுக்கு நல்லதில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் வெளியேறியபோது கீச்சு திரும்பி வந்தது. அதற்குப் பதிலாக வந்த உலோகத் துகள் கலந்த பேடுகள் அதிகம் சத்தம் போட்டன; பொறியாளர்கள் ஷிம்மும் பள்ளமுமாக மறுபடி போராடத் தொடங்கினார்கள். புது பேட் லேசாகக் கீச்சிடுகிறது என்று முகம் சுளிக்கிறவர்களிடம் நான் சண்டைக்கே போவேன். அந்தக் கீச்சுக்குப் பின்னால் நூற்பாலையில் யாரும் இருமவில்லை.

நைனாவின் விஷயத்துக்கு வருகிறேன். அவர் முப்பத்தோரு வருடம் ஒரு ஃபோர்ஜிங் ஷாப்பில் சம்மட்டி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவர். பழுக்கக் காய்ந்த இரும்பை அச்சில் வைத்தால் மேலிருந்து சம்மட்டி விழும். அந்த அடி காதில் கேட்பதற்கு முன்பே பாதத்தில் ஏறும் என்பார். காதுக்குக் கொடுத்தது, கை துடைக்க வைத்திருக்கும் கழிவுப் பஞ்சு. அதை உருட்டி அடைத்துக்கொள்வார்கள். பஞ்சு மெல்லிய சத்தத்தைத் தடுக்கும். சம்மட்டியின் அடியை அது ஒன்றும் செய்யாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ராத்திரியெல்லாம் காதில் 'உய்ங்' என்று இருந்ததாம். பிறகு பழகிவிட்டதாம். பழகிவிட்டது என்று அவர் சொன்னது, உட்செவியில் மயிர்க்கால் போன்ற நுண்ணிய உயிரணுக்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்ததை. அவை மறுபடி முளைக்காது.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்தார்கள். காகிதத்தில் கோடு இடமிருந்து நிதானமாக வந்து, நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்தில் கிணற்றில் விழுவதுபோல் இறங்கியது. சத்தத்தால் போன காதுக்கு அது கையெழுத்து மாதிரி. அங்கேதான் முதலில் சேதம் தொடங்கும் என்று டாக்டர் சொன்னார். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடமும் அதைச் சுற்றித்தான். பிரேக்கின் கீச்சு ஒலிப்பதும் பெரும்பாலும் அந்தச் சில ஆயிரங்களில்தான். அதனால் நைனாவுக்கு லாரியின் உறுமல் கேட்கும், கடல் கேட்கும், என் குரல் கேட்கும். என் மகள் கூப்பிட்டால் கேட்காது. 'ச'வும் 'த'வும் 'க'வும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. உயிரெழுத்துகளை மட்டும் பிடித்துக்கொண்டு மிச்சத்தை எங்கள் உதட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறார். மின்விசிறியைப் பார்த்தபடி நாங்கள் பேசினால் அவர் சிரிப்பார். புரியவில்லை என்று அதற்கு அர்த்தம்.

அவர் வேலை செய்த காலத்தில், எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பதுதான் எல்லை. சத்தத்தால் வரும் காது இழப்பு, தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்க வேண்டிய நோயாக ஆஸ்பெஸ்டாஸ் நோயோடு ஒரே பட்டியலில் இருந்தது. கண்டுபிடித்த மருத்துவர் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நைனாவைப் பற்றி யாரும் யாருக்கும் எழுதவில்லை. அவரோடு நின்ற பலரைப் பற்றியும் எழுதவில்லை. மாலை நேரத்தில் கடற்கரை ஓரம் உட்கார்ந்திருக்கும் அந்த ஷாப்பின் பழைய ஆட்களைப் பாருங்கள். எல்லோரும் சத்தமாகப் பேசுவார்கள், ஏதோ சண்டை என்று நினைப்பீர்கள். கை சிதைந்தால் ஊர் பார்க்கும், நஷ்டஈடு கேட்கலாம். காது போனால் "கிழவனுக்கு வயசாயிடுச்சு" என்று வீட்டிலேயே சொல்லிவிடுவோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர்க் கதை ஒன்று உண்டு. ஒற்றியூரை விட்டுப் போக மாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்துகொடுத்த சுந்தரர், திருவாரூர் நினைவு வந்து எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று. பாடிக் கேட்டதும் காஞ்சியில் ஒன்றும் ஆரூரில் மற்றதும் திரும்பக் கிடைத்தன. வருடா வருடம் மாசித் திருவிழாவில் மகிழடியில் அந்தச் சத்தியத்தை நடத்திக் காட்டுகிறார்கள். நைனா இந்த ஊரை விட்டு எங்கேயும் போகவில்லை. விடாமல் நின்றதற்குத்தான் அவருக்குக் காது போயிற்று. அதைத் திருப்பிக் கேட்க எந்த ஊரில் போய்ப் பாடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தியதும் நைனாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பார்க்க உரக்க, "பிரேக்குல சத்தம் வருது நைனா, கண்டுபுடிக்க முடியல" என்றேன். நீண்ட ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்பது, தெருவில் ஆளை நடக்கவிட்டு எந்தப் பக்கம் என்று கேட்கச் சொல்வது என்று என் யோசனைகளை அடுக்கினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இறங்கினார். இடது முன்சக்கரத்தருகே குத்துக்காலிட்டு, புறங்கையை டிஸ்க்குக்குச் சற்று எட்டப் பிடித்தார். தொடவில்லை. எழுந்து வண்டியைச் சுற்றி வந்து வலது பக்கமும் அப்படியே. பழுத்த இரும்போடு வாழ்ந்தவர் முதலில் உள்ளங்கையை நீட்ட மாட்டார்.

"இந்தப் பக்கம் காயுது. அந்தப் பக்கம் ஆறிப்போய் கீது. நீ கால எடுத்தாலும் இது விட்டுத் தொலைக்கல."

ஜாக்கி ஏற்றினோம். இடது சக்கரம் தட்டினால் இரண்டு சுற்று சுற்றியது. வலது கால் சுற்றிலேயே நின்றது. காலிபரைக் கழற்றினால், அது இப்படியும் அப்படியும் நகர உதவும் இரண்டு பின்களில் ஒன்று உறைக்குள் இறுகிக் கிடந்தது. நைனா அதை முறுக்கி வெளியே எடுத்து, முனையிலிருந்த ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்தார். ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது.

"இன்னா கிரீஸுடா போட்ட?"

வீல் பேரிங்குக்கு வாங்கிய மஞ்சள் கிரீஸ். வீட்டில் இருந்தது, போட்டேன். நான் தெரியாமல் செய்தது என்று முன்னால் சொன்னது இதுதான். பெட்ரோலிய எண்ணெயில் செய்த கிரீஸை அந்த ரப்பர் குடித்து உப்பிவிடும். அங்கே சிலிகான் கிரீஸ்தான் போட வேண்டும். உப்பிய ரப்பர் பின்னைப் பிடித்துக்கொண்டது. காலிபர் நகராததால் வலது பேட் டிஸ்க்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வந்தது. தேய்ந்து, சூடாகி, முகம் கண்ணாடி மாதிரி பளபளத்துப்போனதும் கீச்சிடத் தொடங்கியது. மூன்று வாரம் எடுத்துக்கொண்டதன் காரணமும் அதுவே. சத்தம் பிறப்பதற்கு முன்பே சூடு இருந்திருக்கிறது. நான் காதை மட்டும் வைத்துக்கொண்டு தேடினேன்.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. புது ரப்பர் செட்டும் ஒரு சின்ன டியூப் சிலிகான் கிரீஸும் வாங்கி வந்தேன். பின்னில் ஒட்டியிருந்த துருவை நைனா உப்புத்தாளால் தேய்த்தார். பேடின் பளபளத்த முகத்தைத் தரையில் விரித்த உப்புத்தாளின் மேல் நான் எட்டு போட்டுத் தேய்த்தேன். கிளிப்பைத் திருத்தி உட்கார வைத்ததில் அந்த 'டொக்'கும் சேர்ந்து போயிற்று. நட்டுகளைக் குறுக்கு வாட்டில் ஒன்று மாற்றி ஒன்றாக முடுக்கினோம். கியர் போடுவதற்கு முன் பெடலை மிதிக்கச் சொல்லி அவரே கதவருகில் நின்று ஐந்து வரை எண்ணினார்.

சாயங்காலம் இருவரும் எண்ணூர் விரைவுச் சாலையில் போனோம். ஒரு பக்கம் கருங்கல் கொட்டிய கரை, மறுபக்கம் டிரெய்லர் வரிசை. மெல்ல மிதித்தேன், அழுத்தி மிதித்தேன், ரிவர்ஸ் எடுத்து மிதித்தேன். சத்தமில்லை. இறங்கி இரண்டு சக்கரத்திலும் புறங்கை நீட்டிப் பார்த்தார். இரண்டும் ஒரே சூடு. ஏறி உட்கார்ந்ததும் கேட்டார்:

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு நைனா."

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்டிடா இருந்துச்சு அது?"

பல்லிடுக்கில் காற்றை விட்டு அந்தக் கீச்சை ஊதிக் காட்டினேன். அவர் என் உதட்டையே பார்த்தார். தலையசைக்கவில்லை. கொஞ்சம் இறக்கி ஊதினேன். இல்லை என்று கண்ணைச் சுருக்கினார். இன்னும் இறக்கினேன். அது இப்போது கீச்சாக இல்லை, காலிப் பாட்டில் வாயில் ஊதுகிற சத்தம் மாதிரி ஆகியிருந்தது. இன்னும் ஒரு படி இறக்கியபோது அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ம். இத்தயே வெச்சுக்கினு ஊது" என்றார்.